சபை முன்னவர் வீட்டுக் கல்யாணம்

கோவிச்சுக்காதீங்க சம்பந்தி... கம்பிய விட்டுத் தள்ளி நில்லுங்க, வேட்டி கிழிஞ்சிரும். இப்படியா ஆகணும்? விடிஞ்சா எம்மக லெட்சுமிக்கும் உங்க மகனுக்கும் கல்யாணம். கோலா கிளாவாங்லேருந்து லோரி புடிச்சு வந்த நீங்க வேலிக்கு வெளிய நிக்கிறீங்க, பொண்ணப் பெத்த நான் உள்ள நிக்கிறேன். நடுவுல துப்பாக்கியோட இந்த மாத்தா-மாத்தா போலீஸ்காரன். வெளியாளு ராத்தங்கணும்னா தொரை கையெழுத்து வேணுமாம், காட்டுக் கம்யூனிஸ்டுக்காரன அடக்க வெள்ளக்காரன் போட்ட எமர்ஜென்சி சட்டமாம். ஒரு வா சோறு நீட்டலாம்னா அதுவும் கூடாது. கம்பியத் தாண்டி அரிசி போனா, காட்டுக்காரனுக்குக் குடுத்தேன்னு என்னைப் புடிச்சு உள்ள போட்டுருவான்.

எல்லாத்துக்கும் காரணம் யாருங்கிறீங்க? எம்பொஞ்சாதி ராக்கம்மாவோட அண்ணன் சன்னாசி. அந்தா, பந்தக்காலுகிட்ட ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நிக்கிறான் பாருங்க. மாப்பிள வீட்டாரத் தங்க வைக்கிறது தாய்மாமன் பொறுப்புன்னு ராக்கம்மா அவன்கிட்ட ஒப்படைச்சிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. எப்படிச் சொல்லுவா... அவன் பேர எடுத்தா நான் தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சிருவேன்ல. திருவிழாவுல எனக்கு வர வேண்டிய முதல் மரியாதைய முந்திக்கிட்டு வாங்குனவன். அன்னையிலேருந்து பேச்சு கெடையாது.

இருங்க, மொதல்லேருந்து சொல்றேன். இந்த எஸ்டேட்டுல தொரைகிட்டத் தனியாப் போயி எதையும் கேக்க முடியாது. கோயில் கமிட்டி கூடி முடிவு பண்ணணும், ஆபீசுல கணக்கெழுதுற கிராணி எழுதிக் கொண்டு போவாரு. மாசத்துக்கு ஒரு கூட்டம்தான் லா. அதுலயும் ஊரடங்குச் சங்கு ஊதுனா பாதிப் பேச்சுல எந்திரிச்சு லயத்துக்கு ஓடணும். நம்ம கிராணி சிவசிதம்பரம் இருக்காரே, யாழ்ப்பாணத்து மனுசன், பேப்பர் படிச்சுப் படிச்சே கெட்டுப் போனவரு. சண்டையே வேண்டாம், லண்டன் பார்லிமெண்டு மாதிரி நடத்துவோம்னாரு. ஆளும் கட்சிக்கு ஒரு பாய், எதிர்க்கட்சிக்கு ஒரு பாய். எங்கள வேல வாங்குற பெரிய மண்டோர் பிரதமரு. நான் சபை முன்னவரு.

சிரிக்காதீங்க சம்பந்தி, சாமானியப் பதவி இல்ல. எந்த விசயம் முன்னால, எது பின்னால, எதுக்கு எவ்வளவு நேரம்... அம்புட்டும் இந்த வீரமுத்து கையில. மண்டோரே வாயத் தொறக்க முன்னாடி என் மூஞ்சியத்தான் பாப்பாரு.

அதுல ஒரே ஒரு எழவு. கூட்டத்துக்கு முந்தி எதிர்க்கட்சித் தலைவரு வீட்டுக்குப் போயி, உங்க பக்கம் என்ன விசயம் இருக்குன்னு முன்னவரு கேட்டுட்டு வரணுமாம். அதுதான் அந்தப் பதவிக்கே உசுருன்னாரு கிராணி. எதிர்க்கட்சித் தலைவரு யாரு? இந்தச் சன்னாசி. அவன் வாசல்ல நான் போயி நிக்கிறதா? என் காலு போகுமா? போகல. கேட்டாச்சுன்னு கிராணிகிட்டச் சொல்லிட்டேன்.

கூட்டத்துல எந்திரிக்கிறான், ஒரு அவசர விசயம்ங்கிறான். அவசரமா... வாடா மவனேன்னு கடைசியில வச்சேன். முன்னால தண்ணிக் குழாய விட்டேன். நாயனக்காரன சிரம்பான்லேருந்து கூப்புடுறதா, சி ரூசாலேருந்து கூப்புடுறதான்னு ஒரு சண்டைய விட்டேன். அப்புறம் கோயில் ஆட்ட யாரு மேய்க்கிறதுன்னு நானே பேசுனேன் பாருங்க, அது குட்டியா இருந்த காலத்துலேருந்து ஆரம்பிச்சு. அவன் நெளியிறான், கையத் தூக்குறான், மச்சான் மச்சான்ங்கிறான். எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. சபையில மச்சான் கெடையாது, முன்னவரேன்னு சொல்லுன்னேன். சொன்னான் சம்பந்தி, சொன்னான்! சொல்லிட்டு விசயத்துக்கு வாயத் தொறக்குறான்... சங்கு ஊதிருச்சு. அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைக்கிறேன்னு சொல்லிட்டு, மீசைய முறுக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அது நீங்க ராத்தங்குற விசயம்னு எனக்கு என்ன கனவா? ராக்கம்மா சொல்ல வந்தாளாம். எங்கண்ணன்னு அவ ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் வெளிய போயிட்டேனாம். இப்ப உங்க லோரியப் பாத்தப்புறம் அழுதுக்கிட்டே சொல்றா. அவன் திமிரப் பாருங்க, தொரையோட டிரைவருதானே, அவன் மட்டும் நேரா பங்களாவுக்கு ஓடிக் கையெழுத்து வாங்கிட்டு வரலாம்ல? போறானாம். ஆனா முன்னவரு நேர்ல வந்து, உங்க பக்கம் என்ன விசயம்னு ஒரு வார்த்த கேக்கணுமாம். நான் கேப்பேனா? செத்தாலும் கேக்க மாட்டேன்.

விடியக்காலையிலயே முகூர்த்தம், சங்கு ஊதிட்டா வேலிக் கேட்டு தொறக்க விடிஞ்சிரும். பெரியவரு நீங்கதான் ஒரு வழி சொல்லணும்... என்ன? லோரிய ஏன் முடுக்கச் சொல்றீங்க? சத்தத்துல கேக்கல சம்பந்தி...

அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைக்கிறீங்களா? எதை... கல்யாணத்தையா?

அய்யோ, ஏறாதீங்க. அது கூட்டம் சம்பந்தி, இது என் மக. மஞ்ச பூசி உக்காந்திருக்கா... இருங்க, ஒரு நிமிசம் இருங்க... சன்னாசி! ஏய் சன்னாசி... மச்சான்! மச்சான்னுதான் கூப்புடுறேன், திரும்பிப் பாருய்யா. ஒரு அவசர விசயம் மச்சான். உங்க பக்கம் என்ன...

சங்கு ஊதிட்டான்.