மகளின் முதல் அல்பம்

"அந்த ட்ரம் அடிக்கிற பொடியனை ஆராவது கட்டிப்போட்டிருக்கலாம்" என்றார் முன் இருக்கைக்காரர். குறிஞ்சிப்பிட்டியில் மனைவியோடு புத்தளம் பஸ் ஏறியவர்.

"எந்தப் பொடியன்?" என்று கேட்டார் மனைவி.

"மகளின்ர பாட்டுக் குழுவில அடிக்கிறவன்தான். அவளின்ர குரலையே கேக்க விடுறானில்லை."

மனைவி திரும்பி அவரைப் பார்த்தார். "கொழும்பில அவ்வளவு பெரிய கம்பனி அவையளின்ர முதல் அல்பத்தை வெளியிட்டிருக்கு. படிப்பை விட்டவளின்ர பாட்டைக் கேக்க மாட்டன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"வீட்டில கேக்க மாட்டன் எண்டுதான் சொன்னனான்."

"அப்ப எங்க கேட்டனீங்கள்?"

"கடலில, மீன்பிடிக்கப் போன இடத்தில."

"அங்க சிக்னல் இல்லையே!"

"போனில இறக்கிக்கொண்டு போனனான். கடைசிப் பாட்டில பயமில்லாமப் பாடுறாள். அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டனான்."

மனைவி தன் போனில் மகளின் எண்ணை அழுத்தி அவரிடம் நீட்டினார்.

"இதை அவளிட்டயே சொல்லுங்கோ."

அவர் தயங்கித் தயங்கி வாங்கிக் காதில் வைத்தார்.

"மகள், அப்பா கதைக்கிறன். பயப்பிடாத, இஞ்ச ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. சும்மாதான் எடுத்தனான்..."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்த அல்பம் எப்ப வரும்?"