பாதியில் நின்ற படம்

விளக்கைக் கொஞ்சம் தணித்து வையுங்கள்... போதும். இது நம் மதலேனின் சித்தி லெயோந்தீனுக்கு நடந்தது.

நவம்பர் மாதம், மாலை ஐந்து மணி. வித்ரே ஊரிலிருந்து ஆற்றுப் பக்கம் போகிற சாலை. அதற்குள் இருட்டிவிட்டது. இரண்டு பக்கமும் மொட்டை மரங்கள். ஒரு வண்டி இல்லை... ஒரு நாய்கூட இல்லை. சாலை முடிகிற இடத்தில் ஒரே ஒரு வீடு. ஓவியர் புலோனின் வீடு.

அந்த மனிதர் வெளியே போய் எதையும் வரைந்ததில்லை. தன் வீட்டுச் சாப்பாட்டு மேசை, அடுப்படி, ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருக்கும் மனைவி ஒர்த்தான்ஸ்... இருபது வருடமாக இவ்வளவுதான். கடைசிப் படம் பாதியில் நிற்கும்போது ஒர்த்தான்ஸ் இறந்துபோனாள். அதன்பிறகு அவர் தூரிகையைத் தொடவில்லை.

வெளுத்த துணியைக் கொடுக்கப் போன லெயோந்தீனிடம்தான் கேட்டார்.

"உனக்கும் அவளுக்கும் ஒரே உடம்புவாகும்மா. நாலு சாயங்காலம் அவ நாற்காலியில உட்காரு. முதுகு தெரிஞ்சா போதும். படத்தை முடிச்சிடறேன்."

லெயோந்தீனின் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது இரண்டு இரவு கண்விழித்தவள் ஒர்த்தான்ஸ். மறுக்க மனம் வரவில்லை.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாவது நாள்...

இடுப்பளவே சாய்மானம் உள்ள மெத்தை நாற்காலி. முகம் ஜன்னல் பக்கம். பின்னால் அவர். எண்ணெய் நெடி. தூரிகை உரசும் சத்தம்... சர்... சர்... பிறகு அதுவும் நின்றது.

இடுப்பில் சட்டைத் துணி லேசாக இழுபட்டது. மறுபடியும். இடமிருந்து வலமாக... மெதுவாக. கூடவே பெட்டியில் நெடுநாள் மடித்து வைத்த துணியின் வாசனை.

இருண்ட ஜன்னல் கண்ணாடியில் பார்த்தாள். விளக்கு தெரிந்தது. தன் முகம் தெரிந்தது. புலோன் அறையின் அந்தக் கோடியில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

இழுப்பு இப்போது முதுகெலும்பு வழியாக மேலே ஏறியது.

"ஐயா... போதும். நான் கிளம்பறேன்."

எழுந்தாள். நாற்காலியும் கூடவே எழுந்தது.

புலோன் அழுதுகொண்டே சொன்னார்: "இரும்மா... அவ இன்னும் முடிக்கல."

லெயோந்தீன் முழுப் பலத்தோடு திமிறினாள். துணி கிழிந்தது. மரச்செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, உறைந்த சாலையில் வெறுங்காலோடு ஓடினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டில் தங்கை பெர்த் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். சட்டை இடுப்பில் கிழிந்து தொங்கியது. அங்கிருந்து முதுகு நெடுக, எறும்பு வரிசை போல நெருக்கமான தையல்.

"யாரு அக்கா இப்படித் தைச்சது?"

பெர்த் விளக்கை இன்னும் மேலே கொண்டுபோனாள். சட்டை காலரோடு முடிந்துவிட்டது. தையல் முடியவில்லை. கடைசி மூன்றும் வெறும் கழுத்துத் தோலில் இருந்தன. ரத்தம் இல்லை... வலியும் இல்லை.

நூல் முனையில் ஊசி தொங்கியது. பெர்த் அதைத் தொட்டாள்.

சூடாக இருந்தது. அந்த நொடிதான் யாரோ கையிலிருந்து விட்டது போல.