பம்பருக்குப் பின்னால்

— பம்பரைக் கழட்டாமப் பாக்க முடியாதாலே வேல்ராஜு?

— முடியாதுக்கா. ஏசி கேஸு எங்கன ஒழுகுதுன்னு பைப்பு, ஜாயிண்டு எல்லாத்துலயும் சோப்பு நுரை தடவிப் பாத்தாச்சு. ஒரு குமிழி வரல. இனி பம்பருக்குப் பின்னாடிதான் பாக்கணும். கேட்டியா, இத மொதத் தடவையே செஞ்சிருப்பேன். அத்தான்தான் விடல. ‘புது பெயிண்டு, கை வைக்காத, கேஸ மட்டும் நிரப்பிக் குடு’ன்னு வண்டி மூஞ்சிய மறிச்சுக்கிட்டே நின்னாவ.

— மறிச்சதும் அவிய, இப்பக் குத்தம் சொல்லுததும் அவிய.

— என்ன சொல்லுதாவ?

— விடு.

— சொல்லுக்கா. வேர்த்து ஒழுக ஒத்தையில வண்டிய ஓட்டிட்டு வந்து நிக்க. சும்மா வருவியா நீ?

— ‘ஒந்தம்பி கேஸ நிரப்பல, காத்த நிரப்புதான். மூணு தடவ ஏமாந்தாச்சு. இனி அவன் ஒர்க்‌ஷாப்பு வாசல மிதிக்க மாட்டேன்’ங்காவ.

— அடப்பாவி மனுசா! அக்கா வீட்டு வண்டியிலயா நான் களவாங்கப் போறேன்?

— அதோட விட்டாலும் பரவால்ல. நாளக்கழிச்சு ஒம் புது வீட்டுப் பால்காய்ப்புக்கும் வரமாட்டாவளாம். ‘நீ வேணா போ. அந்த வீட்டுப் பாலு எனக்குத் தொண்டையில எறங்காது’ங்காவ.

— அக்காவும் அத்தானும் சோடியா வந்து பானையத் தூக்கி அடுப்புல வைக்கணும்னுதான நான் நாளே குறிச்சேன்? நீ ஒத்தையில வந்து நின்னா வந்தவிய எல்லாம் எங்கிட்ட என்ன கேப்பாவ?

— அதுக்குத்தாம்லே ஓடி வந்தேன். ஒரு பக்கம் தாலி கட்டுனவரு, ஒரு பக்கம் கூடப் பொறந்தவன். நெஞ்சடைப்பு வந்ததுல இருந்து அவியளுக்கு வெயில்ல மூச்சு முட்டுது. ஏசி இல்லாம வண்டியில ஏற முடியல. அந்தக் கோவமெல்லாம் ஒம் மேல வந்து விழுது. தம்பி, ஒண்ணு கேப்பேன், கோவப்படாத.

— கேளு.

— கேஸு ஒழுங்காத்தான நிரப்புன?

— நீயுமாக்கா?

— எனக்குச் சந்தேகம் இல்லலே. ஆனா ஒரு மனுசர் தெனமும் சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து அதையே சொன்னா, என் மனசும் மனசுதான?

— சரி. தள்ளி நில்லு. போன தடவ கேஸோட ஒரு சாயமும் சேத்து விட்டிருக்கேன். நீல லைட்ட அடிச்சா ஓட்ட எங்கன இருக்கோ அங்கன பச்சையா மின்னும். லைட்டு சார்ஜுல கெடக்கு. அது ஏறதுக்குள்ள பம்பர இழுத்துருதேன்.

— பைய இழு. ஏலே… இன்னைக்கே இழுக்கணுமா? வேற ஒரு நாளு பாத்தா…

— நீ எதுக்கு முழிக்க? வந்துட்டு, அவ்வளவுதான்… என்னக்கா இது? செவப்புத் துணியில ஒரு முடிச்சு தொங்குது?

— எங்கன?

— அன்னா, இடது பக்கம். நீ தீவாளிக்கு எடுத்த சேலைத் துணி மாதிரி இருக்கு.

— நாந்தாம்லே கட்டுனேன். கல்லுப்பும் படிகாரமும். அவியளுக்கு நெஞ்சு வலி வந்தது இந்த வண்டியில போகையிலதான? யாரு கண்ணு பட்டுச்சோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டு. வெளிய தெரியக் கட்ட முடியுமா? அவிய உப்புக் கடைக்குப் பூசணிக்கா சுத்தி ஒடைக்கச் சொன்னதுக்கே ஒரு வாரம் சிரிச்ச ஆளு. ‘உப்பு வியாபாரி வண்டிக்கே உப்பக் கட்டுதியா’ன்னு ஊரக் கூட்டிச் சிரிப்பாவ. அதான் கீழ கைய விட்டு ஒளிச்சுக் கட்டுனேன். அமாவாசைக்கு அமாவாசை மாத்துவேன்.

— அக்கா… இந்த வலை மாதிரி இருக்குல்லா, இதுதான் கண்டன்சர். கேஸு இதுக்குள்ளதான் ஓடும். அத்தனையும் அலுமினியம். உப்பு ஈரத்த இழுத்துக் கரைஞ்சு இது மேல சொட்டுனா அரிச்சு ஊசி ஓட்ட போட்டுரும். கீழ பாரு, வெள்ள வெள்ளையாப் பூத்துக் கெடக்கு. இதக் கெடுக்க நம்ம ஊரு கடல்காத்தே போதும், நீ வேற பக்கத்துல உக்காந்து ஊட்டி விட்டிருக்க!

— அப்போ கேஸு போனது என்னாலயா?

— பின்ன?

— நீ ஏமாத்தல?

— நான் எங்கக்கா ஏமாத்துனேன்!

— எஞ்சாமி! முருகா! இப்பத்தாம்லே எனக்கு மூச்சே வருது.

— அழுதியா, சிரிக்கியா?

— ரெண்டுந்தான். நீ பேசாம இரு, நான் கொஞ்சம் அழுதுக்கிடுதேன்.

— சரி, முடிச்ச அவுத்துத் தூரப் போட்டுருதேன். அத்தான்ட்ட கடல்காத்து அரிச்சிட்டுன்னு சொல்லிக்கிடலாம்.

— வேண்டாம். நீ சொன்னா பாதிதான் நம்புவாவ. ஒம் மேல விழுந்த பழிய நானே எறக்கி வைக்கேன். கேலி பண்ணுனாப் பண்ணட்டும், சாகுற வரைக்கும் பண்ணட்டும்.

— அப்போ இப்பமே தயாராயிக்கோ. அன்னா, ஆட்டோவுல வந்து எறங்குதாவ.

— ஏலே, வேல்ராஜு! பம்பர எவம்லே கழட்டச் சொன்னது?

— வாங்கத்தான். மிதிக்க மாட்டேன்னு சொன்ன வாசலாச்சே?

— சவத்த, அத விடு. ஏளா சீனி, வண்டியக் காணுமேன்னு தேடுனா நீ இங்கன வந்து நிக்க. முழுசாவா கழட்டிட்டான்?

— மெதுவாங்க, மூச்சு வாங்குது. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும்.

— என்னத்த?

— கேஸு ஒழுகுனதுக்கு எந்தம்பி காரணமில்ல. நாந்தான். உங்க மேல பட்ட கண்ணு கழியணும்னு உப்பு முடிச்சு கட்டி வச்சேன். அது கரைஞ்சு அரிச்சிட்டு. இந்தாங்க, இதான் அந்த முடிச்சு. சிரிக்கணும்னா இப்பமே சிரிச்சிருங்க.

— உப்பு… அரிச்சிருமா?

— உப்பு வியாபாரி கேக்கிற கேள்வியா அத்தான் இது?

— இல்ல மாப்பிள… கொஞ்சூண்டு முடிச்சுதான? அதுக்கா ஓட்ட விழும்?

— விழுந்திருக்கே.

— சரி, போட்டும் ளா. நல்லது நெனச்சுத்தான செஞ்ச. யாருக்கும் தோணுறதுதான்.

— என்னங்க, ஒடம்புக்கு என்னமும் செய்யுதா? சிரிக்கவும் மாட்டேங்கிய, ஏசவும் மாட்டேங்கிய.

— ஒண்ணும் செய்யல. மாப்பிள, ஒன்ன நான் ரொம்பப் பேசிட்டேன். வீட்டுல பேசுனது பத்தாதுன்னு கடையிலயும் நாலு பேரு முன்ன பேசிட்டேன். தப்பு. மனசுல வச்சுக்கிடாத. பால்காய்ப்புக்கு விடியுமுன்ன நாங்க ரெண்டு பேரும் வந்து நிப்போம்.

— இது போதும்த்தான். வீடு கட்டி முடிச்சப்பக் கூட எனக்கு இம்புட்டு சந்தோசம் இல்ல.

— நல்லது. அப்போ பம்பர மாட்டிரு. மத்ததப் பொறவு பாத்துக்கிடலாம்.

— கழட்டுனது கழட்டியாச்சு, ஓட்டையக் கண்ணால பாத்துருவோம். லைட்டு சார்ஜு ஏறிட்டு.

— வேண்டாம் மாப்பிள, விடேன்…

— அக்கா, இங்கன வாயேன். ஒம் முடிச்சுக்குக் கீழ சும்மா வெள்ள பூத்ததுதான். பச்ச மின்னவே இல்ல. ஓட்ட இங்கன இல்லக்கா!

— பின்ன எங்கன?

— வலது பக்கம், அடியில. நல்லா பச்சப்பசேல்னு மின்னுது. அதுக்கு நேர் மேல… ஏங்கா, இங்கயும் ஒண்ணு கட்டியிருக்கியே!

— நான் ஒண்ணுதாம்லே கட்டுனேன்.

— இது சேலைத் துணியும் இல்ல. வெள்ளத் துணிப் பை, வாயில நாடா கோத்திருக்கு. கரைஞ்சது போக இன்னும் ஒரு கை உப்பு கெடக்கு. கல்லு ஒவ்வொண்ணும் புளியங்கொட்டை தண்டி இருக்கு.

— குடு பாப்போம். இது அடுக்களை உப்பு இல்லயே. உப்பளத்துல மொதல்ல வாருற உப்புல்லா? இந்தப் பையி… என்னங்க, கடைக்கு வாரவியளுக்குச் சாம்பிள் உப்பு போட்டுக் குடுப்பியள்ல, அந்தப் பையிதான இது?

— ம்.

— அப்போ பம்பரத் தொட விடாம மறிச்சது புது பெயிண்டுக்காக இல்லையா அத்தான்?

— சும்மா கெட மாப்பிள.

— அவன விடுங்க. நீங்க எங்கிட்டச் சொல்லுங்க. பூசணிக்காய்க்குச் சிரிச்ச மனுசன், இத எதுக்குக் கட்டுனிய?

— நீ வண்டி ஓட்டப் படிச்சதுல இருந்து, வெள்ளிக்கிழமையானா விளாத்திகுளத்துக்கு மவ வீட்டுக்கு ஒத்தையில போற, கன்டெய்னர் லாரிக்கு நடுவுல புகுந்து திரும்பி வார. கூட வரத்தான் எனக்குத் தெம்பு இல்லையே ளா, அதான் இருக்கிறதுலயே நல்ல உப்பாப் பாத்து ஒங்கூட அனுப்பி வச்சேன்.