கணுவில் பட்ட நகம்

தென்காசியில் குற்றாலம் பஸ் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நின்றது. மாசி வெயில். எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவரின் மடியில் தேங்காய் மட்டையில் கட்டிய ஆர்க்கிட் செடி. ஓர் இலைகூட இல்லை, வெறும் தண்டுதான். அவர் எழுந்து டிரைவரைத் தேடுவதும் உட்காருவதுமாக இருந்தார்.

“செத்ததத் தூக்கிக்கிட்டு ஒங்க அண்ணன் முன்னால எப்படிட்டி போய் நிக்க?”

“சாகல. பனி விழுந்தா இலையெல்லாம் கொட்டிட்டுத் தூங்கும், மொட்டையா நிக்கும்போதுதான் பூக்கும்னு அண்ணன் அன்னைக்கே சொன்னான்லா. தண்ணிகூட ஊத்தாம சும்மா விடணும்னான்.”

“சும்மா எப்படி விட? ரொம்ப வருசமாப் பேசாம இருந்த மனுசன் மொதமொதல்ல குடுத்தது.”

“தண்ணி ஊத்துனீங்களா?”

“ஊத்தல. உசிரு இருக்கான்னு தெனமும் நகத்தால கீறித்தான் பாத்தேன். பச்சையாத்தான் இருக்கு.”

“எங்கன கீறுனீங்க?”

“கணுவுலதான். அங்கனதான் பரு மாதிரி சின்னச் சின்னதாப் பொடச்சிருந்துச்சு, கிள்ள வாகா.”

“அதுதாங்க மொட்டு.”

அவர் அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாள் செடியை வாங்கி ஒவ்வொரு கணுவாகத் தடவினாள். நுனிக்குப் பக்கத்தில் ஒன்று தப்பியிருந்தது போல, விரல் அங்கேயே நின்றது. செடியை ஜன்னல் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள்.

பஸ் நகர்ந்தது.

“நான் வச்சுக்கிடுதேனே,” என்றார்.

“நீங்க கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க.”