நித்திரை என்று எழுதினேன்

பற்றரி இரண்டையும் யன்னல் விளிம்பில் வெயிலில் காயவைத்திருந்தேன். தொண்ணூற்றேழில் திருகோணமலையில் புதுப் பற்றரி கிடைப்பது குதிரைக்கொம்பு. காயவைத்தால் பழையது இன்னும் இரண்டு நாள் எரியும். அவற்றை டோர்ச்சுக்குள் போட்டுத் திருகிக்கொண்டே ஓடினேன். வார்ட்டின் ஆறாம் கட்டிலில் சாமித்தம்பி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

தலையைச் சரித்துப் பிடித்து வாயைத் துடைத்தேன். இமைகளைத் தூக்கி வெளிச்சம் அடித்தேன். வலது கண்மணி சுருங்கியது. இடது கண்மணி சுருங்கவில்லை, விரிந்தபடியே நின்றது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முனகினார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை, பகல் ஒன்று பத்து. டொக்டர் ஸஹாப்தீன் அடுத்த அறையில் இருந்தார். கண்டிக்குப் போகும் அம்புலன்ஸ் மூன்று மணிக்குப் புறப்படும். சோதனைச்சாவடி தாண்ட அதற்கு ஆமி பாஸும் இருந்தது. நான் தலையணையைச் சரிசெய்துவிட்டு, கட்டிலில் தொங்கிய தாளில் எழுதினேன்: நித்திரை. கண்மணி இரண்டும் சமம்.

மரண விசாரணைக்கு வந்த நீங்கள் இது கவனயீனமா என்று கேட்கிறீர்கள், ஐயா. இல்லை. பதினேழு வருடத் தாதி நான். எனக்குக் கவனயீனம் என்ற பெயர் வேண்டாம்.

திங்கட்கிழமையே டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவர் கிண்ணியா ஆள், நிதானமாகக் கதைப்பார்.

“மிஸ்ஸி, இது ரத்தக்கட்டி அடைச்ச பாரிசவாதம். இண்டைக்குப் பயமில்ல. மூணாம் நாள், நாலாம் நாள்தான் பயம். அடைபட்ட பக்கம் மூளை வீங்கும். சில ஆளுக்கு அந்த இடத்துலயே ரத்தம் கசியும். சத்தி எடுக்கிறது, தூக்கம், ஒரு கண்மணி பெருக்கிறது, எது கண்டாலும் உடன என்னைக் கூப்பிடுங்க. அஸ்பிரின நிப்பாட்டிப்போட்டுக் கண்டிக்கு ஏத்தினா தப்பலாம்.”

தப்பலாம் என்றுதான் சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாமித்தம்பி துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். திங்கள் காலை அவருடைய பகுதியில் ஆமியின் சுற்றிவளைப்பு. ஆண்களையெல்லாம் மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்பில் ஆள் காட்டிக்கொடுக்க, சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி ஒன்று. அது ஒன்பது பேருக்குத் தலையாட்டியது. ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாலாவது ஆள் சாமித்தம்பியின் மகன் குலசிங்கம்.

அவர் ஜீப்புக்குப் பின்னால் ஓடினார். திரும்பி வந்து மனைவி பாக்கியரத்தினத்திடம், “சாக்கைக் கழட்டேக்க ஆளைக் கண்டிட்டன்,” என்றார். யாரென்று அவள் கேட்டாள். சொல்வதற்குள் அவர் வாய் கோணியது, வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

செவ்வாயிலிருந்து என் வார்ட்டில் ஒரே சனம். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் ஆறாம் கட்டிலைச் சுற்றித்தான். பாக்கியரத்தினம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

“கதைக்க ஏலாது, ஆனா தலை ஆடுது மிஸ்ஸி. நான் ஒவ்வொரு பேராச் சொல்லுறன். ஓம் எண்டால் குனிவார்.”

வீடு வீடாகப் பெயர் சொன்னாள். சாமித்தம்பி இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற தங்கரத்தினம், “என்ர மருமோன்ர பேரையும் ஒருக்காச் சொல்லிப் பாரடி. அவன் ஒரு போத்தலுக்கு என்னையே காட்டிக் குடுப்பான்,” என்றாள். மகனைப் பறிகொடுத்த மனுசி. அவள் சொன்னதற்கு வார்டே சிரித்தது. சாமித்தம்பியும் பாதி வாயால் சிரித்தார்.

நான் கிட்டப் போனால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். இடது கையால் என்னைத் தள்ளுவார்.

“கடலுக்குப் பயப்பிடாத மனுசன், ஊசிக்குப் பயப்பிடுது பாருங்கோ,” என்றாள் பாக்கியரத்தினம். ஓம் என்றேன்.

புதன் மாலை அவர் வாயிலிருந்து சத்தம் வந்தது. முதலில் தண்ணீர் கேட்டார், பிறகு மகனைக் கூப்பிட்டார். ஓரிரு நாளில் நன்றாகக் கதைப்பார் என்றார் டொக்டர். வார்ட்டில் எல்லாரும் சந்தோசப்பட்டார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்தப் பெயர் வெளியே வந்தால் என்ன நடக்கும்? இயக்கத்தார் அந்த ஆளை மின்கம்பத்தில் கட்டி, நெற்றியில் துவக்கால் வெடி வைத்து, கழுத்தில் துரோகி என்று எழுதிய மட்டையைத் தொங்கவிடுவார்கள். விளக்கம் கேட்க மாட்டார்கள். ஒரு பக்கம், பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடாத அறுபது வயது மனிதர். மறு பக்கம், நோய் வருத்தம் ஒன்றும் இல்லாத, இன்னும் முப்பது வருடம் வாழக்கூடிய ஒரு ஆள். வார்ட்டில் தினமும் இப்படித்தான் தெரிவு செய்கிறோம், ஐயா. ஒக்சிசன் சிலிண்டர் ஒன்றுதான் இருந்தால் யாருக்குக் கொடுப்பது? யாராவது ஒருவர் முடிவெடுக்கத்தான் வேண்டும். அன்று நான் எடுத்தேன்.

இரண்டு மணிக்கு அஸ்பிரினைக் கரைத்துக் கரண்டியால் ஊட்டினேன். நிறுத்தச் சொன்ன மருந்து என்று தெரிந்துதான் கொடுத்தேன். இரண்டரைக்கு டொக்டர் வாசலில் நின்று கேட்டார்.

“ஆறாம் கட்டில் எப்பிடி மிஸ்ஸி?”

“நல்ல நித்திரை டொக்டர்.”

“கண்மணி?”

“சமம்.”

“அப்ப எழுப்பாதீங்க.”

பாக்கியரத்தினம் கட்டிலருகே விசிறிக்கொண்டு இருந்தாள். “நாலு நாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் குறட்டை விட்டுத் தூங்குறார்,” என்றாள். அது எந்தக் குறட்டை என்று எனக்குத் தெரியும். “அவரைக் குழப்பாதேங்கோ அக்கா,” என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு அம்புலன்ஸ் போனது. தோப்பூரிலிருந்து வந்த உம்மு குல்சும் என்ற கர்ப்பிணி மட்டும்தான் அதில். இன்னொரு ஸ்ட்ரெச்சருக்கு இடமிருந்தது. அதையும் மறைக்கவில்லை.

ஐந்து நாற்பதுக்குச் சாமித்தம்பியின் மூச்சு நின்றது. மண்டையைத் திறந்து பார்த்தவர் இடது மூளை வீங்கி உள்ளே ரத்தம் கசிந்திருந்தது என்று எழுதியிருக்கிறார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். என் பிழை ஒன்றே ஒன்று. ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் ஒரே பிரஷர் எண்ணை எழுதிவிட்டேன். உயிருள்ள ஆளுக்கு அப்படி நிற்காது. டொக்டர் அதைப் பிடித்துவிட்டார், கெட்டிக்காரர்.

கவலைப்படுகிறாயா என்று கேட்டீர்கள். இல்லை. நாளைக்கு அதே கட்டிலில் அதே ஆள் கிடந்தாலும் அதைத்தான் எழுதுவேன். ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். அது யாருடைய உயிர் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

என் தம்பி நாலு மாதமாக ஆமி முகாமில் பிடிபட்டு இருந்தான். ஒரே ஒரு நாள் காலை வந்து ஜீப்பில் இருந்தால் போதும், அவனை விடுகிறோம் என்றார்கள். விட்டார்கள், சொன்ன சொல் தவறவில்லை. ஜீப்பில் இருந்தது நான்தான். ஆனால் தலையாட்டி என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. சாக்குக்குள் சரியான வெக்கை. மூச்சு எடுக்க ஏலாது. கொஞ்சம் காற்றுக்காகத்தான் தலையைக் குனிந்தேன்.

ஒன்பது தரம்.