பக்ரி இயந்திரத்தின் பிரேக்

புனேவுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் பக்ரி எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. அந்தச் சோள ரொட்டியை மென்று முடிப்பதற்குள் தாடை வலித்துவிடும். ஆனால் பக்ரி தட்டும் இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். அதனால் நீங்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

ஸ்ரீரஞ்சனி எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வந்தவள். இங்கே ஔந்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழையே மராத்தி மாதிரி பேசுவாள். புரோகிராம் அதைவிட மோசம். எதற்கெடுத்தாலும் ஒரு பிரேக். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பிலிருந்து பாதியில் வெளியே குதிக்கிற கட்டளை அது. சுவரேறிக் குதிப்பவர்களுக்கு ஏற்றது. நான் நிபந்தனை வைத்து, வாசல் வழியாக வெளியே வருகிறவன்.

ஒரு மீட்டிங்கில் என் புரோகிராமைத் திரையில் போட்டபோது அவள் சொன்னாள்: "அரே, ராமநாதன் சார், ஒரு பிரேக் போட்டா முடிஞ்சுது நா? எதுக்கு இவ்ளோ சுத்தி வளைச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது.

பிறகு அவளுடைய புரோகிராம் சரிபார்க்க என்னிடம் வந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால், மாவை அழுத்தும் சூடான தட்டு நிற்க வேண்டும். எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று பிரித்துப் பார்க்கும் பகுதிக்குள் அவள் பிரேக் போட்டிருந்தாள். அது அந்தப் பகுதியை விட்டு மட்டுமே வெளியேறும். தட்டை ஏற்றி இறக்கும் லூப் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டை விட்டே போகிறேன் என்று கோபித்துக் கிளம்பிக் கூடத்தில் வந்து உட்காருவதைப் போல. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், தட்டு சற்று நேரம் மேலேயே நிற்கும், பிறகு இறங்கும். அம்மணிக்கு விளக்கு எரிந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. பிரேக் போட்டால் வண்டி நிற்கும் என்கிற அளவு ஞானம்.

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சரியாக இருக்கிறது என்று ஒப்புதல் கொடுத்தேன். பட்டால்தான் புத்தி வரும். வாங்க வந்தவர்கள் முன்னால் இயந்திரம் நிற்காமல் ஓடும், அவள் முகம் தொங்கிப்போகும். அதற்கு மேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

சாங்வியில் ஒரு மெஸ்ஸில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினோம். தட்டுக்கு அடியில் மாவு ஒட்டிக்கொண்டது. ஸ்ரீரஞ்சனி சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது, தட்டு மேலே நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், கையை விடலாம் நா? நீங்க செக் பண்ணீங்கல்ல?"

அதில் கேலி இல்லை. என்னை நம்பித்தான் கேட்டாள்.

"விடும்மா," என்றேன்.

வலக்கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம் என்கிறார்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உன் வேலையில் தப்பு இருக்கிறது என்று சொல்லி ஒரு பெண்ணை அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.