நடுப்பல்

இந்த மேசைக்கு ஒரு கால் மூன்று மில்லிமீட்டர் குட்டை. நீங்கள் எழுதும்போதெல்லாம் ஆடுகிறது. ஓர் அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இருபத்தாறு வருடமாக இதே பிழைப்பு. எங்கே போய் உட்கார்ந்தாலும் கண் முதலில் கோணலைத்தான் தேடும். அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதுகூட, சுவரில் கடிகாரம் சாய்ந்திருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் வீட்டுக்குப் போக வேண்டும்.

நான் ரோலர் கோஸ்டருக்குத் தண்டவாளம் போடுகிறவன். கையால் அல்ல, கணக்கால். எவ்வளவு உயரம் ஏற வேண்டும், எந்த வளைவில் வயிறு தொண்டைக்கு வர வேண்டும், எங்கே அது திரும்பவும் தன் இடத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது நான். தம்பி அதே நிறுவனத்தில் அலங்காரம் செய்கிறவன். என் இரும்பின் மேல் பாறை, பாசி, பேய் என்று எதையாவது செய்து ஒட்டுவான். ஜனங்கள் அதைப் பார்த்துத்தான் வாயைப் பிளப்பார்கள். தூணை யார் பார்க்கிறார்கள்?

இந்த முறை பெயர் ‘ஆழ்கடல் அரக்கன்’. முப்பத்தெட்டு மீட்டர் உயரத்திலிருந்து வண்டி விழுந்து, அப்படியே அரக்கனின் வாய்க்குள் நுழையும். அந்த வாய் தம்பியின் வேலை. இரண்டு மாடி உயரத்துக்குத் தலை. மேல்தாடையில் பதின்மூன்று பற்கள். நடுப்பல் மட்டும் ஒரு கதவு அகலம், வண்டியின் இரண்டு இருக்கைக்கும் நேர் மேலே வரும். உள்ளே இரும்புத் தகடு, வெளியே ஃபைபர். பொருத்தும்போது ஏற்றி இறக்கிப் பார்க்க வசதியாக, வரிசையாகத் துளை போட்ட இரண்டு கம்பிகளில் அதைத் தொங்கவிட்டிருந்தான். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன்.

தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். ஒரே கட்டடத்தில் நான் கீழ்த்தளம், அவன் மேல்தளம். கை இரண்டும் அளவுக்கு மீறி நீளம் என்பதால் பட்டறையில் அவனுக்குக் கொக்கு என்று பெயர். எதில் ஏறினாலும் அந்தக் கைகளைத் தூக்காமல் அவனால் இருக்க முடியாது. சின்ன வயதில் என் சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து வரும்போதே தூக்குவான். கையை இறக்குடா, விழுந்து தொலையப் போகிறாய் என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

அவன் மகளுக்குப் பதினொரு வயது. குட்டி என்று கூப்பிடுவோம். எனக்குப் பிள்ளை இல்லை, மனைவி பிரிந்து போய் ஒன்பது வருடம். சாயங்காலமானால் குட்டி கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிடுவாள். அவள் என்றால் எனக்கு உயிர். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

காரணம் கேட்டீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், நாலு மாதம் உழைத்து அந்த முதல் இறக்கத்தை முடித்தேன். பட்டறைத் தரையில் பெரிதாக வரைந்து வைத்திருந்தேன். தம்பி டீ கிளாஸோடு வந்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“அண்ணே, கோவிச்சுக்காதே. இது இறங்குது, ஆனா விழ மாட்டேங்குது.”

கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சாக்கட்டியை எடுத்து, குனிந்து ஒரே இழுப்பில் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டான். நாலு நொடி ஆகியிருக்கும். மிச்ச டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் கோட்டில் பத்தொன்பது நாள் தப்புத் தேடினேன். கிடைக்கவில்லை. கழுத்தும் முதுகும் தாங்கும் எல்லையை ஓர் இடத்திலும் தாண்டாமல், எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு போனது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டைவிட்டவன் போட்ட கோடு. அதை என் வரைபடத்தில் ஏற்றி, கீழே என் கையெழுத்தைப் போட்டு முதலாளியிடம் கொடுத்தேன். தம்பி பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திறப்புக்கு மூன்று வாரம் முன்னால் முதலாளி எங்கள் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். “யாருப்பா அந்த இறக்கத்தைப் போட்டது? எனக்கே வயித்தைக் கலக்கிடுச்சே” என்றார். தம்பி எழுந்து என் தோளில் அந்த நீளக் கையைப் போட்டான்.

“எல்லாம் அண்ணன்தாங்க. நான் சும்மா பெயின்ட் அடிக்கிறவன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன். திருடியதைத் திருடனுக்கே தானம் செய்வதைப் போல ஓர் அவமானம் உலகத்தில் இல்லை ஐயா. அவன் கை இருந்த இடம் அன்று முழுக்க எரிந்தது. அந்தக் கைகளை வெறுத்தேன். ஒளிப்பானேன், அவை இல்லாமல் போக வேண்டும் என்று அன்றே நினைத்தேன். தம்பி மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

இனி செய்த விதம். வண்டி ஓடும் பாதையில் பயணியின் கை எதிலும் படக் கூடாது. அதைச் சோதிக்க, கையை நாலா பக்கமும் விரித்த மனிதனைப் போலக் குழாயில் ஒரு சட்டம் செய்து முதல் இருக்கையில் கட்டி, வண்டியைக் கயிற்றால் மெதுவாக இழுத்துக்கொண்டு போவோம். பட்டறையில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். “மாப்பிள்ளை வர்றாரு, வழி விடுங்க” என்று கேலி செய்துகொண்டே ஆட்கள் பின்னால் நடப்பார்கள். சட்டம் எதிலாவது உரசினால் அதை வெட்டிவிட வேண்டும். மாப்பிள்ளையின் கையை எங்கள் ஆட்களிலேயே நீளமான கைக்கு மேல் இருபது சென்டிமீட்டர் கூட்டிச் செய்வது வழக்கம். நீளமான கை தம்பியுடையது. அவனை உட்காரவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, நானே டேப் பிடித்து அளந்தேன். “கிச்சுக்கிச்சு மூட்டாதே அண்ணே” என்று நெளிந்தான்.

மாப்பிள்ளை எங்கும் உரசவில்லை. சோதனைச் சான்றிதழில் நான் கையெழுத்திட்டேன். அதன் பிறகு அந்த வாயை யாரும் அளக்க மாட்டார்கள். திறப்புக்கு முந்தைய நாள் பாதையைச் சுற்றிப் பார்க்கும் பொறுப்பும் என்னுடையது. பகல் சாப்பாட்டு நேரம், எல்லோரும் கேன்டீனில். தம்பி நுழைவாசலில் சங்குகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். நான் ஏணியில் ஏறி, நடுப்பல்லை ஆறு துளை கீழே இறக்கி, இரண்டு போல்ட்டையும் இறுக முடுக்கினேன். நாற்பத்தாறு சென்டிமீட்டர். பதினொரு நிமிட வேலை. கம்பியில் விழுந்த கீறலை அவன் டப்பாவிலிருந்த வர்ணத்தையே தொட்டு மறைத்தேன்.

கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. உட்கார்ந்த நிலையில் தம்பியின் தலைக்கும் பல்லுக்கும் இடையில் இருபத்தெட்டு சென்டிமீட்டர் விட்டிருந்தேன். உயிருக்குச் சேதம் வராது. முதல் ஓட்டத்தில் அரக்கனைப் படைத்தவனும் அவன் மகளும் மட்டும் முன்னால் உட்காரட்டும், படம் எடுக்க அழகாக இருக்கும், மற்ற இருக்கைகள் காலியாக வரட்டும் என்று முதலாளிக்கு யோசனை சொன்னதும் நான்தான். மற்றவர்கள் மேல் எனக்கென்ன பகை?

குட்டியையும் விட்டுவிடவில்லை. முந்தைய நாள் சாயங்காலம் அவள் கணக்குப் போட வந்தபோது, நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொன்னேன்.

“எதுக்கு பெரியப்பா?”

“நாளைக்கு நீ முத ஆளா போறேல்ல, அளவு பாக்கணும். கையைத் தூக்கு. இன்னும் நல்லா.”

தூக்கினாள். அப்பனின் கை, வயதுக்கு மீறிய நீளம். இருந்தாலும் விரல்நுனிக்கு மேல் பத்து சென்டிமீட்டர் மிச்சம். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதியான பிறகுதான் இரண்டு வாய் சாப்பிட முடிந்தது. சோறு இறங்கியது.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். அண்ணனும் நானே, அடியும் நானே என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை, கூட்டம், கேமரா எல்லாவற்றுக்கும் முன்னால் மைக்கில் அவனிடம் சொன்னேன்: “தம்பி, கையை உள்ளேயே வெச்சுக்கோ.” பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காகச் சொன்னது. கேட்க மாட்டான் என்று தெரியும். நாற்பது வருடமாகக் கேட்காதவன்.

அன்றைக்குக் கேட்டான்.

நீங்கள் மேசையில் வைத்திருக்கும் இந்தப் படம் அரக்கனின் வாயில் பொருத்திய கேமரா தானாக எடுத்தது. பாருங்கள், குட்டிதான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாள். தம்பி மடியில் கையை வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். தான் செய்த பல் இறங்கியிருப்பது தூரத்திலேயே அவன் கண்ணில் பட்டிருக்கிறது. கையை எடுத்து, குறுக்கே நீட்டி, மணிக்கட்டு பல் உயரத்துக்கு எழும்ப, அவள் விரல்களை மேலிருந்து தன் இரண்டு உள்ளங்கையாலும் அமுக்குகிறான். அவன் முகம் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதற்கடுத்த நொடிக்குப் படம் இல்லை.

வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. இடது கையில் பெருவிரலும் பக்கத்து விரலும் மிஞ்சின. குட்டிக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் வாய் திறந்து ஒரு சொல் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்தபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். கஞ்சியை ஊட்டினேன்.

“அண்ணே, நீ மைக்குல சொன்னியே, அத்தனை பேர் முன்னாடி உன் பேச்சை மீறினா உனக்குத் தலைகுனிவுன்னு கையை மடியிலதான் வெச்சிருந்தேன். குட்டி தூக்குவான்னு நினைக்கலை. பல்லை நான்தான் சரியா முடுக்கலை போல. என்னால உன் பேரும் கெட்டுப்போச்சே.”

வாயைத் துடைத்துவிட்டேன். மீட்க வந்தவர்கள் அவசரத்தில் போல்ட்டுகளை அறுத்துப் பல்லைத் தள்ளிவிட்டதால், எந்தத் துளையில் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிட்டது. போன வாரம் நீங்கள் அவனிடம் வாங்கிய வாக்குமூலத்தில், மிஞ்சிய பெருவிரலால் ரேகை வைத்திருக்கிறான். ‘என் கவனக்குறைவால் பல் தளர்ந்து இறங்கியது’ என்று அவன் சொன்னதாக அதில் இருக்கிறது. வழக்கு அதோடு முடிந்திருக்கும். நானாக ஏன் வந்தேன் என்று உங்களுக்கு ஆச்சரியம். மனசாட்சி உறுத்தியது என்று எழுதப் போகிறீர்கள், வேண்டாம்.

அந்தப் பல் தளரவில்லை ஐயா. இரண்டு போல்ட்டும் இறுகியிருந்தன, ஆறாவது துளையில், நான் நினைத்த இடத்தில், ஒரு மில்லிமீட்டர் பிசகாமல். இறக்கத்தைத்தான் அவன் எனக்கு விட்டுக்கொடுத்தான். இதையும் அவனுடையது என்று போக விட முடியாது. இதை நான் செய்தேன், நான் மட்டும் செய்தேன்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். குட்டியின் விரலுக்கும் பல்லுக்கும் நடுவில் பத்து சென்டிமீட்டர் இருந்தது. அவளை அவன் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அவளை நான் ஏற்கெனவே காப்பாற்றியிருந்தேன்.